குனிய விடுகிற உடுப்பு



தூத்துக்குடி மில்லர்புரத்திலிருந்து ஒரு அம்மா கடிதம் எழுதியிருக்கிறார். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள், வருகிற பிப்ரவரியில் தோழிகளோடு காஷ்மீரின் குல்மார்க்குக்குப் போகிறாளாம். ஊர் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புகிற பயணம் இல்லை. பனிச்சறுக்குப் பழகப் போகிறாள். "மார்கழி மாசம் விடியக்காலம் மொட்டை மாடிக்குப் போனாலே தும்முற பிள்ளை. பனிக்குள்ள விழுந்து எந்திரிக்கப் போறேங்கா. என்ன துணி எடுத்துக் குடுத்து அனுப்பணும்னு இங்க யாருக்கும் தெரியல. நீங்க விசாரிச்சு எழுதுங்களேன்."

இந்த மாதம் இந்தப் பக்கம் முழுவதையும் அந்தக் கடிதத்துக்கே கொடுக்கிறேன். இது ஒரு வீட்டுக் கேள்வி மட்டுமில்லை. நம்மூர்ப் பிள்ளைகள் அவுலி, மணாலி என்று போய்வருகிறார்கள். கனடாவிலும் சுவிட்சர்லாந்திலும் இருக்கும் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தோடு சறுக்கப் போகிறார்கள். கடற்கரைத் தமிழருக்குப் பனி அந்நியம் என்று சொல்லவும் முடியாது. யாழ்ப்பாணம் குருநகரிலிருந்து அந்தோணி ராஜேந்திரம் 1956லேயே நார்வேக்குப் போய்ச் சேர்ந்தார். பின்னாளில் சீநோர் என்ற மீன்பிடித் தொழில் நிறுவனம் யாழ்ப்பாணத்தில் உருவாக அவரே காரணமானார். அவருக்குப் பின்னால் போனவர்களின் பிள்ளைகள் இன்று ஓஸ்லோவில் ஸ்கீ மாட்டிக்கொண்டு வளர்கிறார்கள்.

முதலில் குல்மார்க்கைப் பற்றிக் கொஞ்சம். ஊரே கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து அஃபர்வாத் மலைக்கு ஏறுகிற கம்பிவடப் பெட்டியின் முதல் கட்டம் 1998லும் இரண்டாவது கட்டம் 2005லும் திறக்கப்பட்டன. இரண்டாவது கட்டம் கொண்டுபோய் இறக்கிவிடும் இடம் கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரம். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அந்த உயரம் வேண்டாம்; ஊரை ஒட்டிய சரிவுகளே போதும். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் ஒரு பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனமும் அங்கே இருக்கிறது. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராக நின்ற ஆரிஃப் கான் இந்தச் சரிவுகளில் வளர்ந்தவர்தான். ஜயன்ட் ஸ்லாலம் பந்தயத்தில் 45ஆவது இடம் பெற்றார்.

இனி துணிக்கு வருவோம்.

குளிருக்குக் கனம்தான் காவல் என்று நாம் நம்புகிறோம். உள்ளே வழக்கமான பருத்தி பனியன், அதன்மேல் கம்பளி ஸ்வெட்டர் இரண்டு, அதற்கும் மேல் ஒரு ஜெர்கின், கீழே ஜீன்ஸ், காதுக்கு மங்கி குல்லா. பெட்டியும் நிறையும், பெற்ற மனசும் நிறையும். ஆனால் பனிச்சறுக்கு என்பது கடும் உழைப்பு. முதல் இரண்டு நாள் விழுவதிலும் எழுவதிலும், சறுக்கி வந்த தூரத்தைத் திரும்ப ஏறுவதிலும் போய்விடும். உடம்பு நன்றாக வேர்க்கும். பருத்தி அந்த வேர்வையைக் குடித்துத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். நம் வெயிலில் அது வரம். ஈரம் காயக் காய உடம்பு குளிர்கிறது. குல்மார்க்கில் அதே குணம் ஆளைப் படுக்கையில் தள்ளிவிடும். அசையாத காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்துகிறது. ஜீன்ஸ் இன்னும் மோசம். நனைந்து, விறைத்து, முழங்காலை மடக்கவே விடாது.

நம்மைச் சூடாக வைத்திருப்பது துணிக்குள் சிறைப்பட்ட காற்றுதான். இது தெரிந்துவிட்டால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். லடாக்கிலும் சியாச்சினிலும் காவல் நின்று திரும்பிய ராணுவக்காரர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். ஒரே ஒரு கனத்த கோட்டைப் பற்றி யாரும் சொல்லமாட்டார்கள். அடுக்கடுக்காகப் போடுவதையும், வேர்க்கத் தொடங்கும்போது ஒன்றைக் கழற்றுவதையும் பற்றித்தான் சொல்வார்கள்.

உடம்பை ஒட்டுகிற முதல் அடுக்கு மெல்லிய மெரினோ கம்பளியாகவோ பாலியெஸ்டராகவோ இருக்கட்டும். பருத்தி கலக்காததுதானா என்று லேபிளைப் பார்த்து வாங்குங்கள். அதன் வேலை வேர்வையைத் தோலிலிருந்து எடுத்து வெளியே கடத்துவது. இரண்டாவது, காற்றைப் பிடித்துவைக்கிற ஃபிளீஸ் சட்டை. நம்மூர் ஜவுளிக்கடைகளிலும் இது கிடைக்கிறது. லேசாக இருக்கும், நனைந்தாலும் சீக்கிரம் காயும். மூன்றாவது, பனியையும் காற்றையும் தடுக்கிற வெளிச்சட்டையும் பேண்டும்.

இந்த மூன்றாவது அடுக்கில் ஓர் எண் எழுதியிருக்கும்: 10,000 மில்லிமீட்டர், 15,000, 20,000 என்று. வெளியூர்க்காரர்களைவிட முத்துக்கடற்கரைக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். துணியின் மேல் அத்தனை உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலும் அது கசியாது என்று அர்த்தம். 10,000 மில்லிமீட்டர் என்பது 10 மீட்டர், அதாவது கடலில் ஐந்தரைப் பாகம் ஆழத்தில் தண்ணீர் தருகிற அழுத்தம். பனியில் விழுந்து எழுகிற புதியவருக்கு 10,000 போதுமானது. தண்ணீரை உள்ளே விடாத அதே துணி வேர்வை ஆவியை வெளியே விடவும் வேண்டும். அதற்குத் தனியாக ஓர் எண் இருக்கும். ஒரு சதுர மீட்டர் துணி ஒரு நாளில் எத்தனை கிராம் ஆவியை வெளியேற்றுகிறது என்ற கணக்கு. இரண்டையும் பார்த்து வாங்க வேண்டும். நம் மழைக்கோட்டு முதல் எண்ணில் தேறிவிடும், இரண்டாவதில் தோற்றுவிடும். அரை மணி நேரத்தில் உள்ளே தண்ணீராகிவிடும். இந்த இரண்டையும் ஒரே துணியில் சாதித்தவர் அமெரிக்காவின் பாப் கோர். 1969ல் டெஃப்லான் கம்பியை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். அது கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்ததாக நீண்டது; அதிலிருந்துதான் இந்த மெல்லிய சவ்வைச் செய்கிறார்கள். ஒட்டாத தோசைக்கல்லில் பூசியிருக்கிறார்களே, அதே டெஃப்லான்தான்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஓர் உடுப்பு உதவாமல் போகலாம். அதைத்தான் அந்த அம்மாவுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மகளைக் கடையிலேயே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நின்று கண்ணாடி பார்ப்பது போதாது. குந்தி உட்கார வேண்டும். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்க வேண்டும். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து பார்க்க வேண்டும். எங்கேயாவது துணி பிடித்து இழுத்தால், குனியும்போது முதுகு வெளியே தெரிந்தால், முழங்கால் மடங்க மறுத்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். நல்ல பனிப்பேண்டில் முழங்காலை முன்பே மடங்கின வாக்கில் வெட்டித் தைத்திருப்பார்கள். கவட்டில் ஒரு கூடுதல் துண்டு வைத்திருப்பார்கள், காலை அகட்டும்போது தையல் பிரியாமலிருக்க. அளவுக்கு மீறித் தொளதொளவென்று எடுப்பதும் தவறு, இறுக்கமாக எடுப்பதும் தவறு. இறுக்கினால் உள்ளே இருக்கும் ஃபிளீஸ் நசுங்கிக் காற்று போய்விடும், அதோடு சூடும் போய்விடும்.

1950களின் தொடக்கம் வரை ஐரோப்பாவில்கூடக் கனத்த கம்பளிக் கால்சட்டையில்தான் சறுக்கினார்கள். அப்போது ஜெர்மனியைச் சேர்ந்த மரியா போக்னர் இழுபடும் துணியில் பேண்ட் தைத்து விற்றார். உலகமே அதை வாங்கியது. 1958ல் டூபான்ட் கம்பெனியின் ஜோசப் ஷிவர்ஸ் ஸ்பான்டெக்ஸ் இழையைக் கண்டுபிடித்தார். இன்று நம் வீட்டுப் பெண்கள் போடும் லெக்கிங்ஸ் வரை அந்த இழை வந்துவிட்டது.

என்னைக் கேட்டால், ஜாக்கெட்டில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது பேண்டுக்குப் பணம் செலவழிக்கச் சொல்வேன். புதியவர் பனியில் உட்காருகிற நேரம்தான் அதிகம். ஸ்னோபோர்டு என்றால் கேட்கவே வேண்டாம். பலகையைக் காலில் மாட்டுவதற்கே பனியில் உட்கார வேண்டும்.

அந்த அம்மாவின் கடிதத்தில் மகள் எதில் பழகப்போகிறாள் என்று இல்லை. அதைக் கட்டாயம் கேட்டுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அடிபடும் இடம் மாறும். ஸ்கீயில் காலுக்கு ஒன்றாக இரண்டு நீளச் சட்டங்கள். விழும்போது ஒன்று ஒரு பக்கமும் மற்றது இன்னொரு பக்கமும் திரும்பி முழங்காலை முறுக்கும். இதற்கு உடுப்பில் மருந்து இல்லை. விழும்போது பூட்ஸை விடுவிக்கிற பிடியை ஆளின் எடைக்கும் பழக்கத்துக்கும் ஏற்றபடி பயிற்சியாளர் திருகிவைக்க வேண்டும். அங்கே மகள் தன் எடையை வெட்கப்படாமல், உள்ளபடி சொல்லட்டும். ஸ்னோபோர்டில் இரண்டு காலும் ஒரே பலகையில் கட்டுப்பட்டிருக்கும். நிலை தடுமாறினால் காலை மாற்றி வைத்துச் சமாளிக்க வழியில்லை, கைதான் தரைக்குப் போகும். அதனால் மணிக்கட்டு உடையும். பின்பக்கம் விழுந்தால் வால் எலும்பில் அடிபடும். நார்வேயில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்னோபோர்டுக்காரர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள்; 2001ல் முடிவு வெளியானது. மணிக்கட்டுக் காப்பு போட்ட பாதிப் பேரில் 8 பேருக்கு மணிக்கட்டில் காயம். போடாத பாதியில் 29 பேருக்கு. இவ்வளவு மலிவான பொருள் இவ்வளவு காப்பாற்றுகிறது என்றால் அதை வாங்காமல் அனுப்பக் கூடாது. உள்ளே பஞ்சுத்திண்டு வைத்த அரைக்கால்சட்டையும் கிடைக்கிறது, பேண்டுக்குள் போட்டுக்கொள்ளலாம்.

காப்பு என்றாலே கட்டைபோல் விறைப்பாக இருக்க வேண்டும் என்ற காலம் போய்விட்டது. அதை மாற்றியவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் ரிச்சர்ட் பால்மர். அவரே ஸ்னோபோர்டில் சறுக்குபவர். 1999ல் அவர் உருவாக்கிய டி3ஓ என்ற பொருள் கையில் பிசைந்தால் களிபோல் நெகிழும், அடி விழுந்த நொடியில் இறுகும், அடுத்த நொடி மறுபடி நெகிழும். இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கிண்ணத்தில் கார்ன்ஃப்ளாரைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கெட்டியாகக் கரையுங்கள். விரலை மெதுவாக விட்டால் உள்ளே போகும். சட்டென்று குத்தினால் கல்லைக் குத்தியதுபோல் விரல் நின்றுவிடும். மெதுவான அசைவுக்குத் துகள்கள் விலகி வழிவிடுகின்றன, திடீர் வேகத்தில் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. டி3ஓவின் வேதியியல் வேறு. நடத்தை இந்த வகைதான். 2006 டூரின் குளிர்கால ஒலிம்பிக்கில் அமெரிக்க, கனடிய ஸ்கீ வீரர்களின் பந்தய உடுப்பில் இது இருந்தது. ஸ்லாலம் வீரர்கள் வழியில் நிற்கும் கம்பங்களை முன்கையாலும் முழந்தாளுக்குக் கீழேயும் இடித்துக்கொண்டுதான் போவார்கள். அந்த இடத்தில் கனத்த காப்பைக் கட்டினால் அசைவுக்கு இடைஞ்சல், கட்டாமல் விட்டால் எலும்பு தாங்காது.

இப்போது முதுகுக்கும் முட்டிக்கும் இப்படிப்பட்ட நெகிழ்வான காப்புகள் பல கம்பெனிகளில் வருகின்றன. முதுகுக்காப்பு வாங்கினால் இஎன் 1621-2 என்ற ஐரோப்பியத் தர எண் இருக்கிறதா பாருங்கள். அதில் இரண்டு நிலைகள் உண்டு. சோதனை அடியில் உடம்புக்குக் கடந்துவரும் விசை முதல் நிலையில் சராசரி 18 கிலோநியூட்டனுக்கு மேல் போகக் கூடாது, இரண்டாம் நிலையில் 9க்கு மேல் போகக் கூடாது. இந்த நுரைகள் கடுங்குளிரில் கொஞ்சம் விறைக்கும். அதனால் ஜாக்கெட்டுக்கு உள்ளே, உடம்புச் சூடு படும்படி போட்டுக்கொள்வது நல்லது.

ஹெல்மெட்டில் மட்டும் எந்த விட்டுக்கொடுப்பும் கூடாது. நம்மூரில் அதைப் பைக்கின் கண்ணாடியில் தொங்கவிட்டுப் போகிற பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன், மனசு பதறுகிறது. பனிக்கென்று சோதித்த ஹெல்மெட்டில் இஎன் 1077 அல்லது ஏஎஸ்டிஎம் எஃப் 2040 என்று போட்டிருக்கும். பைக் ஹெல்மெட்டை அதற்குப் பதிலாகக் கொண்டுபோகக் கூடாது. அதனடியில் தடிமனான மங்கி குல்லா வேண்டாம், ஹெல்மெட் தலையில் சரியாக உட்காராது. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டுக்கு வெளியே கீறல் இல்லாவிட்டாலும் அதன் வேலை முடிந்தது. வாடகைக்கு எடுக்கிறவர்கள் இதை நினைவில் வைத்து, உள்ளே நுரை உடைந்திருக்கிறதா என்று பார்த்து எடுக்க வேண்டும்.

காலுறை ஒரு ஜோடிதான். "ரெண்டு போட்டுக்கோ" என்று எந்தத் தாயும் சொல்வாள்; நானும் சொல்லியிருப்பேன். பூட்ஸுக்குள் இரண்டு காலுறை சுருங்கி மடிந்து ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், விரல்கள் இன்னும் சில்லிட்டுப்போகும். முழங்கால்வரை வருகிற ஒரு கம்பளிக் காலுறை போதும். விரல்களைப் பிரித்த கையுறையைவிட, நாலு விரலும் ஒன்றாக இருக்கும் உறையில் சூடு அதிகம்.

கண்ணுக்குப் போடும் கண்ணாடியைப் பற்றி எழுத வரும்போது எனக்கு நம்மூர் உப்பளம்தான் முன்னால் வருகிறது. புதுப்பனி தன்மேல் விழும் புற ஊதாக்கதிரில் 80 சதவீதம்வரை திருப்பியடிக்கும். ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் அந்தக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். கண்ணாடி இல்லாமல் ஒரு பகல் நின்றால் கண் சிவந்து, மணல் விழுந்ததுபோல் உறுத்தி, சிலருக்குப் பார்வையே தற்காலிகமாக மங்கும். வெள்ளைவெளேரென்ற தரையில் நின்று வேலை பார்ப்பது கண்ணுக்கு என்ன செய்யும் என்று நம் உப்பளத் தொழிலாளர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோடையில் அவர்கள் விடியுமுன்னே வேலைக்கு இறங்குவதற்கு வெக்கையோடு அந்தக் கூச்சமும் ஒரு காரணம்.

மகளுக்காக அந்த அம்மா கேட்ட கேள்வியை அளத்தில் நிற்கும் அக்காக்களுக்காக யார் கேட்கிறார்கள்? பாத்தியில் நிற்கிறவர்களுக்கு ரப்பர் பூட்ஸும் கையுறையும் கண்ணாடியும் தர வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் தந்தாலும் பல நேரம் அவை மூலையில் கிடக்கின்றன. அதைப் பார்த்து, "குடுத்தாலும் போடமாட்டாங்க" என்று சொல்லிவிடுகிறோம். அவர்களிடம் பேசிப் பாருங்கள். முழங்கால்வரை வருகிற தடித்த ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு சேற்றில் கால் எடுத்துவைக்க முடியவில்லை. வெயில் ஏறினால் உள்ளே கால் வேகிறது. வாயருகே ஒரு சொட்டு உப்புத்தண்ணீர் உள்ளே போனாலும் வெளியே வழியில்லாமல், நாள் முழுவதும் அந்த உப்புநீரிலேயே கால் ஊறுகிறது, வெடிப்பு புண்ணாகிறது. கையுறையின் அளவு ஆம்பிளைக் கைக்கு. உப்பு வாருகிற பலகையைப் பிடித்தால் நழுவுகிறது. கடைசியில் பழைய காலுறையை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். உடம்பை அசைய விடாத காப்பை உடம்பு ஏற்காது. ஆல்ப்ஸ் மலைச்சரிவில் பந்தயம் போகிறவருக்கு அந்த நியாயத்தை ஒப்புக்கொண்டு கோடிக்கணக்கில் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. உப்பு வாருகிறவருக்கு அதே நியாயம் கிடைக்க வேண்டாமா?

இந்தக் கரையில் முத்துக்குளித்தவர்கள் இடுப்பில் ஒரு துண்டுத்துணியும் காலில் ஒரு கல்லுமாக இறங்கினார்கள். 1961ல் நடந்ததுதான் இங்கே கடைசி முத்துக்குளிப்பு. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1952 வாக்கில், கலிஃபோர்னியாவில் ஹ்யூ பிராட்னர் என்ற இயற்பியலாளர் நுண்ணிய காற்றுக்குமிழிகள் நிறைந்த நியோப்ரீன் ரப்பரில் முக்குளிப்போருக்கான இழுபடும் உடுப்பைச் செய்திருந்தார். அது நம் முத்துப் பார்களுக்கு வந்து சேரவில்லை. கடலில் சங்கு எடுக்கப் போகிறவர்களில் எத்தனை பேரிடம் இன்றைக்கும் அந்த உடுப்பு இருக்கிறது? இழுபடும் துணியும் அடிபட்டால் இறுகும் நுரையும் கசியாத சவ்வும் இன்று உலகில் இருக்கின்றன. உப்பும் வெயிலும் சேறும் தாங்குகிற, கணுக்காலை மடக்க விடுகிற, உள்ளே போன தண்ணீரை வெளியே விடுகிற ஒரு காலணியை இந்த ஊருக்கென்று வடிவமைப்பது நடக்காத காரியம் என்று நான் நம்பவில்லை. நம் ஊரிலேயே பொறியியல் கல்லூரி இருக்கிறது, திருப்பூரில் துணி இருக்கிறது, ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் காலணித் தொழில் இருக்கிறது.

மில்லர்புரத்து அம்மாவுக்கு இன்னும் ஒன்று மிச்சம்: செலவு. எல்லாவற்றையும் வாங்க வேண்டாம். ஸ்கீ, பூட்ஸ், கோல், வெளிச்சட்டை, பேண்ட், ஹெல்மெட் எல்லாம் குல்மார்க்கில் வாடகைக்குக் கிடைக்கும். உடம்பை ஒட்டுகிற முதல் அடுக்கு இரண்டு செட், ஃபிளீஸ் ஒன்று, கம்பளிக் காலுறை, கையுறை, கண்ணாடி, ஸ்னோபோர்டு என்றால் மணிக்கட்டுக் காப்பு ஆகியவற்றைச் சொந்தமாக எடுத்துக்கொடுங்கள். வாடகைப் பேண்டை வாங்கும்போது குந்திப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். வெயில் தடுப்புக் களிம்பும் உதட்டுக்குப் போடுகிற மெழுகும் மறக்க வேண்டாம். பிள்ளை தைரியமாகப் போய் வரட்டும். வந்ததும் எங்களுக்கு எழுதட்டும்.

உப்பளத்திலும் துறைமுகத்திலும் கடலிலும் வேலை பார்க்கிற வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களுக்குக் கொடுத்த பூட்ஸ், கையுறை, ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட் எங்கே உரசுகிறது, எந்த வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறது, எந்த நேரத்தில் கழற்றிவைக்கிறீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். நாலு வரி போதும். எழுத நேரமில்லை என்றால் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். வந்தவற்றை அடுத்த இதழிலேயே அச்சிடுகிறோம். பெயர் வேண்டாம் என்றால் பெயர் போடமாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்